போனது என்ற கட்டம் காலி

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பள்ளி நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் ஒரு யோசனை போட்டான். அமெரிக்காவில் சேலம் என்ற பெயரிலேயே ஊர்கள் இருக்கின்றன, அதில் ஒன்றை நம் சேலத்துக்குச் சகோதர நகரமாக்கிவிட்டால் என்ன, அதாவது இரண்டு ஊரும் கையெழுத்துப் போட்டு உறவு வைத்துக்கொண்டால்? பெயர்ப் பொருத்தம் தானாக அமைந்துவிட்டது, கையெழுத்து மட்டும்தான் பாக்கி என்றான். அரை மணி நேரத்தில் நாற்பது கட்டைவிரல். நான் மட்டும் போடவில்லை. ஏன் என்று அங்கே எழுதினால் சண்டை வரும், அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான்.

முதலில் இந்தப் பெயர் விஷயத்தை முடித்துவிடுவோம். மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலத்தில் வெள்ளைக்காரர்கள் குடியேறியது 1626-இல். பெயர் பைபிளிலிருந்து வந்தது, ஜெருசலேமுக்குள் இருக்கிற அதே சலேம். நம் ஊர்ப் பெயருக்குச் சேரன் வந்து தங்கினான் என்பார்கள், மலை சூழ்ந்த சைலம் என்பார்கள், டவுன் டீக்கடையில் உட்கார்ந்தால் இன்னும் இரண்டு கதை கிடைக்கும். எதிலும் பைபிள் கிடையாது. ஆங்கிலத்தில் நம் ஊர்ப் பெயரை இணையத்தில் தட்டினால் முதலில் வந்து நிற்பது சூனியக்காரிகள்தான். 1692-இல் சூனியம் வைத்ததாகச் சொல்லிப் பத்தொன்பது பேரைத் தூக்கில் போட்ட ஊர் அது. கொலுசு வியாபாரத்துக்கு ஒரு வெப்சைட் தொடங்கியபோது இதனால் நான் பட்ட பாடு தனிக் கதை.

அந்தச் சேலத்துக்கும் ஒரு சகோதரி இருக்கிறாள். டோக்கியோவின் ஓட்டா வட்டாரம், 1991-லிருந்து. சேர்த்துவைத்தது பெயரல்ல, ஒரு ஆள். எட்வர்ட் மோர்ஸ் என்ற விலங்கியல் அறிஞர், அந்தச் சேலத்து அருங்காட்சியகத்தோடு நெடுநாள் தொடர்புள்ளவர். 1877-இல் ஜப்பான் போனவர், ரயிலில் டோக்கியோவுக்குப் போகும்போது ஓமோரி பக்கத்தில் மண்கரையில் சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காகத் தெரிவதை ஜன்னல் வழியே பார்த்தார். அப்புறம் ஆட்களோடு போய்த் தோண்டினால், ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய மனிதர்கள் வாழ்ந்த தடம். ஒருவர் போனார், பார்த்தார், பழகினார். நூறு வருஷம் கழித்து அந்தப் பழக்கத்தைச் சொல்லி இரண்டு ஊர் சேர்ந்தன.

இந்த வழக்கத்துக்கே பிள்ளையார் சுழி என்று பலரும் சொல்வது இங்கிலாந்தின் கவென்ட்ரியை. 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டு ஊரின் நடுப்பகுதியையும் பெரிய தேவாலயத்தையும் எரித்தன. பின்னால் ரஷ்யாவின் ஸ்டாலின்கிராடில் நடந்த போரைக் கேள்விப்பட்டபோது கவென்ட்ரிப் பெண்கள் ஒரு மேஜைவிரிப்பை எடுத்து, 830 பேர் தங்கள் பெயரை அதில் நூலால் தைத்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம் காசும் போட்டு அனுப்பினார்கள். பெரிய அனுதாபத்தைவிடச் சின்ன உதவி மேல் என்ற பொருளில் ஒரு வரியும் தைத்திருந்தது. அந்த ஊர் இன்றைய வோல்கோகிராட், விரிப்பு அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1944-இல், போர் முடிவதற்கு முன்பே, இரண்டு ஊரும் முறைப்படி சேர்ந்தன. 1959-இல் அதே கவென்ட்ரி, குண்டில் கருகிய ஜெர்மன் நகரமான டிரெஸ்டனோடும் சேர்ந்தது. தன் மேல் குண்டு போட்ட நாட்டு ஊரோடு! எனக்கு இதைப் படித்ததும் 830 பெயர் தைக்க எத்தனை நாள் ஆகியிருக்கும் என்றுதான் முதலில் தோன்றியது. பட்டறைக்காரன் புத்தி.

அதேபோல ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்க்கும் பிரான்சின் மோன்பெலியாரும் 1950-இல் கைகோத்தன. போர் முடிந்து ஐந்தே வருஷம். இன்று அந்த இரண்டு நாட்டுக்கும் இடையில் மட்டும் இப்படி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர் ஜோடிகள் உண்டு, பாதிக்கு மேல் நாம் கேள்விப்படாத சின்னச் சின்ன ஊர்கள். மேயர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வண்டியை ஓட்டுவது ஊரில் இருக்கிற கமிட்டி: ஓய்வுபெற்ற வாத்தியார், மருந்துக்கடைக்காரர், பேண்டு வாசிக்கிற பிள்ளைகள். ஒரு வருஷம் இவர்கள் பஸ் பிடித்து அங்கே, மறுவருஷம் அவர்கள் இங்கே. பஸ் செலவு வருகிறவருடையது, சோறும் படுக்கையும் வீட்டுக்காரருடையது.

ஃபிரெஞ்சில் இதற்கு இரட்டைப்பிள்ளை என்று பொருள்படும் சொல். ரஷ்ய மொழியில், கூடப் பிறக்காமலே சத்தியம் செய்து அண்ணன் தம்பியானவர்கள். சீனர்கள் நட்பு நகரம் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள், அக்கா யார் தங்கை யார் என்ற வம்பு எதற்கு. என்னைக் கேட்டால் நமக்குப் பொருந்தும் சொல் சம்பந்தி ஊர். சம்பந்தி வீடென்றால் வரவும் போகவும் இருக்க வேண்டும். வந்தவர்கள் வீட்டுக்குத் திரும்பப் போகாவிட்டால் நம் பக்கம் என்ன பேசுவார்கள் என்று தெரியும்தானே?

நம் மாநிலத்தில் இது எப்படி நடக்கிறது? சென்னைக்கும் அமெரிக்காவின் டென்வர் நகரத்துக்கும் 1984-லிருந்து இந்த உறவு இருக்கிறது. சென்னையில் இருக்கிற என் மச்சானிடம் டென்வர் தெரியுமா என்று கேட்டேன், சென்ட் பாட்டில்தானே என்றான். 2019 அக்டோபரில் மாமல்லபுரத்தில் மோடியும் ஷி ஜின்பிங்கும் சந்தித்தபோது தமிழ்நாட்டுக்கும் சீனாவின் ஃபுஜியான் மாகாணத்துக்கும் இப்படி உறவு வைப்பது என்று பேசினார்கள். அதற்கு நல்ல காரணமும் இருந்தது. ஃபுஜியானின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது, நம் வணிகர்கள் அங்கே சிவன் கோயில் கட்டி வழிபட்டிருக்கிறார்கள். அடுத்த ஜூனில் எல்லையில் இரண்டு நாட்டு ராணுவத்துக்கும் கல்வான் மோதல். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்க யாருக்கு மனம் வரும்? ஜப்பானின் ஒசாகாவும் அப்படித்தான், அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவோடு 1957-லிருந்து இருந்த உறவை 2018-இல் ஒரு சிலைத் தகராறில் அறுத்துக்கொண்டது. மேலே இருப்பவர்கள் முறைத்துக்கொண்டால் காகிதம் கிழிந்துவிடும். கிழியாமல் இருப்பது எது என்றால், அதற்கு எங்கள் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும்.

1994 ஜனவரி. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கீழே கொலுசுப் பட்டறை, மேலே வீடு. ஒரு சேவைச் சங்கத்தின் ஏற்பாட்டில் ஐரோப்பாவிலிருந்து ஆறு பேர் சேலம் வந்தார்கள். எந்த நாடு என்று சொல்லப்போவதில்லை, காரணம் பின்னால் புரியும். வீட்டுக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டார்கள். அப்பா அந்தச் சங்கத்தில் உறுப்பினர்கூட இல்லை. கூட்டிப்போக வேண்டியவர் வீட்டில் குழந்தைக்கு அம்மை போட்டுவிட்டது. அவசரத்துக்கு எங்களைக் கேட்டார், அப்பாவுக்கு முடியாது என்று சொல்லத் தெரியாது. நான்கு நாளைக்கு ஒரு ஐம்பது வயது அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

அவருக்கு ரொட்டி சுடும் தொழில். தினமும் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பழக்கம். அப்பாவும் நாலரைக்குப் பட்டறை விளக்கைப் போடுகிறவர். இரண்டாம் நாள் அதிகாலை அவர் சால்வையைப் போர்த்திக்கொண்டு கீழே இறங்கி வந்து அப்பாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் தூங்கி எழுந்து வந்து பார்க்கும்போது ஊதுகுழல் அவர் வாயில் இருக்கிறது. கொலுசு வளையங்களைப் பற்றவைக்கிற வேலையில் மூச்சு ஒரே சீராகப் போக வேண்டும். கொஞ்சம் வேகம் கூடினால் பற்றவைக்கிற பொடி உருகுவதற்குப் பதில் வெள்ளியே உருகி உருண்டையாகிவிடும். முதல் மூன்று வளையம் உருண்டையானது. நாலாவது பற்றியது, கொஞ்சம் தடிமனாக, மச்சம் வைத்தது மாதிரி. அப்பா அதை இடுக்கியில் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு என்னிடம், "இந்தம்மாவுக்குக் கை வருதுடா" என்றார். எங்களிடம் பத்து வருஷம் வேலை பார்த்தவர்களுக்குக்கூட அந்த வார்த்தை கிடைத்ததில்லை.

இருவருக்கும் பொது மொழி கிடையாது. என் கல்லூரி இங்கிலீஷ்தான் பாலம், அதுவும் ஓட்டைப் பாலம். என் அம்மாவுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. தன்னைவிட எட்டு வயது மூத்தவரைப் பார்த்து "சாப்பிடு கண்ணு" என்று தமிழிலேயே சொல்வார், அவரும் சாப்பிடுவார். சாயங்காலம் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தோம். நடுவில் இருக்கிற பீட்ரூட் துருவலைக் கீழே சிந்தாமல் சாப்பிட அவர் பட்ட சிரமத்தைப் பார்த்துக் கடைக்காரர் ஒரு செட் இலவசமாகக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவில் பதிமூன்றாவதிலேயே முகம் வெளுத்துவிட்டது. மேலே காப்பிப் பழம் பறிக்கிற சமயம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை, பறிக்கிற பெண்களிடம் கூடையை வாங்கி இடுப்பில் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டிய பிறகு லேடீஸ் சீட்டில் உட்கார்ந்து கீழே சேலத்து விளக்குகளைப் பார்த்தபோதுதான் தன் ஊரைப் பற்றிப் பேசினார்.

அவர் பள்ளிக்கூடம் போகிற வயதில் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து முதல்முறையாக ஒரு பஸ் வந்ததாம். போரில் எதிரிகளாக இருந்தவர்கள். அவர் வீட்டுக்கு வந்த ஆள் சமையலறையில் உட்கார்ந்து, முதல் ராத்திரி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை, வைத்த ரொட்டியையும் தொடவில்லை. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் மாவு மூட்டையைத் தோளில் தூக்கிவந்து இறக்கிக்கொண்டிருந்தாராம். "என்ன நடந்தது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் நான் அவர் வீட்டில் ஒரு மாதம் இருந்தேன்" என்றார். இதை அப்பாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அப்பா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. கடைசி வளைவு இறங்கும்போது, "அப்ப நாமளும் ஒருவாட்டி போகணும்" என்றார்.

போகும்போது அவர் ஊதிய அந்த மச்ச வளையத்தையும் சேர்த்து ஒரு ஜோடி கொலுசு முடித்துக் கொடுத்தார் அப்பா. அந்த வருஷமே அழைப்புக் கடிதம் வந்தது. தங்குவது அவர் வீட்டில், டிக்கெட்டில் பாதிக்கு அவர்கள் கமிட்டி பணம் திரட்டியிருந்தது. அப்பா ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் வாங்கிவிட்டார். விசாவுக்குப் போனோம். பட்டறைத் தொழிலில் எல்லாம் ரொக்கம், வங்கிக் கணக்கில் காட்ட ஒன்றுமில்லை. வந்த பதில் ஒரே வரி: திரும்பி வருவார் என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை. அப்பா அதை இரண்டுமுறை படிக்கச் சொன்னார். ஈரோடு போனாலே ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேர்கிறவர் அவர். இரண்டு வருஷம் கழித்து மறுபடி முயன்றோம், அதே வரி.

எங்கள் வீட்டு மொய் நோட்டு இன்னும் இருக்கிறது. அதில் என் அக்கா கல்யாணத்து வரவுகளுக்கு அப்புறம் ஒரு பக்கத்தில் அப்பா கையெழுத்தில் இப்படி: 'ரொட்டிக்காரம்மா. வந்தது 4 நாள். போனது', அதற்கு எதிரே ஒன்றும் இல்லை. 2009-இல் அப்பா இறந்துபோனார்.

இதனால்தான் கட்டைவிரல் போடவில்லை. சகோதர நகரம் என்று கையெழுத்துப் போட்டால் மேயருக்கு விசா கிடைக்கும், கமிஷனருக்குக் கிடைக்கும், கூடப் போகிற நான்கு தொழிலதிபருக்கும் கிடைக்கும். சிவதாபுரத்தில் கொலுசு ஊதுகிறவருக்குக் கிடைக்குமா? ஜவ்வரிசி மில் களத்தில் காயவைக்கிற பெண்ணுக்கு? அங்கிருந்து வருகிறவர்களுக்கு நாம் வாழை மரம் கட்டி வரவேற்போம், நம்மில் யாரும் திருப்பிப் போக முடியாது என்றால் அது சுற்றுலா, உறவில்லை. நான் ஒப்பந்தம் எழுதினால் முதல் வரியே இதுதான்: அங்கிருந்து எத்தனை பேர் வருகிறார்களோ அத்தனை பேர் இங்கிருந்து போவார்கள், அவர்களுக்கு விசா வாங்கித் தர அந்த ஊர் நிர்வாகம் எங்களோடு வரிசையில் வந்து நிற்க வேண்டும். அதற்குச் சம்மதிக்கிற ஊர் எந்தப் பெயரில் இருந்தாலும் சரி.

வியாபாரம் வரும், முதலீடு வரும் என்கிறான் நண்பன். வரட்டும், நான் வேண்டாம் என்றா சொன்னேன்? ஆனால் வெள்ளைக்கார ஊராகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஏற்காட்டுக்கு ஜோடி தேடினால் நான் இலங்கையில் தேயிலைத் தோட்டங்கள் இருக்கிற ஹட்டன் பக்கம்தான் முதலில் பார்ப்பேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டத்துக்கும் அப்புறம் தேயிலைக்கும் சேலம் ஜில்லாவிலிருந்தும் ஆட்கள் கப்பல் ஏறினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்றும் லயன் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் பத்து பேர் ஏற்காட்டுக்கு வந்து நான்கு நாள் வீடுகளில் தங்கினால் மொழிபெயர்க்க என்னைப்போல் ஓட்டைப் பாலம்கூட வேண்டியதில்லை.

இவ்வளவு பேசுகிற நான் அதற்கப்புறம் என் வீட்டில் யாரையாவது தங்கவைத்தேனா என்று கேட்டால், இல்லை. இப்போது இருப்பது இரண்டு பெட்ரூம் ஃபிளாட். சாக்குதான்.

என் பையன் மேல்படிப்புக்காக ஐரோப்பா போயிருக்கிறான். அவனுக்கு விசா கிடைத்தது, வங்கியில் காட்ட இப்போது எங்களிடம் தாள் இருக்கிறது. போன டிசம்பரில் ஆறு மணி நேரம் பஸ்ஸில் போய் அந்த அம்மாவைப் பார்த்தான். எண்பதைத் தாண்டிவிட்டார், கடையை மகள் பார்த்துக்கொள்கிறார். கிளம்பும்போது ஒரு தகர டப்பாவைக் கொடுத்து, அப்பாவிடம் கொடு என்றாராம். தாத்தா இல்லையே என்று இவன் தயங்க, தெரியும், உன் அப்பாவிடம் என்றாராம். உள்ளே அந்த ஜோடி கொலுசு. ஒன்றில் கொக்கி உடைந்திருக்கிறது.

லீவுக்கு வந்தபோது கொண்டுவந்தான். இப்போது பட்டறையில் என் எதிரில் கிடக்கிறது, கறுத்துப்போய். புதுக் கொக்கி வைத்தாகிவிட்டது. மெருகு மட்டும் போடவில்லை, மெருகு போட்டால் அந்த மச்சம் தேய்ந்துவிடுமோ என்று ஒரு யோசனை. திங்கட்கிழமை அந்த அம்மாவுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். பார்சலில் மதிப்பு எவ்வளவு என்று போடட்டும் என்று கூரியர்காரர் இரண்டாவது தடவையாகப் போன் செய்துவிட்டார்.