செத்து மிதக்காத மீன்கள்

ஆற்றில் மீன் செத்து மிதந்தால் படம் எடுத்துப் போடுகிறோம், அதிகாரிகள் ஓடி வருகிறார்கள். சரி. ஒரு மீன்கூட விஷத்தால் சாகாமல் ஓர் ஏரியின் மீன் கூட்டமே காலியானால் எதைப் படம் எடுப்பது?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய ஏரிகள் உண்டு. அதில் ஒன்றுக்கு 260 என்ற எண்தான் பெயர். 2001 முதல் 2003 வரை கோடைதோறும் ஆய்வாளர் கேரன் கிட் குழுவினர் அதில் கருத்தடை மாத்திரையில் இருக்கும் செயற்கை ஈஸ்ட்ரோஜனை, அதாவது பெண் ஹார்மோனைக் கலந்தார்கள். லிட்டருக்கு 5, 6 நானோகிராம். 400 ஒலிம்பிக் நீச்சல் குளத்துத் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பைக் கரைத்தால் எவ்வளவோ, அவ்வளவுதான்.

அங்கே ஃபேட்ஹெட் மின்னோ என்று விரல் நீளம்கூட வராத மீன் ஒன்று இருந்தது. அதில் ஆண் மீனின் ஈரல், முட்டை மஞ்சள் கருவுக்கான புரதத்தைச் செய்ய ஆரம்பித்துவிட்டது. பெயர் விட்டெல்லோஜெனின். அதைச் செய்யும் மரபணு ஆணிடமும் இருக்கிறது, தட்டி எழுப்ப ஈஸ்ட்ரோஜன் இல்லாததால் தூங்கிக்கொண்டிருக்கும். இப்போது முட்டையே போடப்போகாத உடம்பில் மஞ்சள் கருச் சரக்கு ரத்தத்தில் ஓடுகிறது. விந்தணு சரியாக முதிரவில்லை, சில ஆண்களின் விந்தகத்துக்குள்ளேயே முட்டை. அற்பாயுசு மீன், குஞ்சும் வரவில்லை. சில வருடத்தில் கிட்டத்தட்ட அற்றுப்போனது.

இதைச் சொன்னால் உடனே ஒருவர் "பெண்கள் மாத்திரை சாப்பிடுவதால்தான்" என்று ஆரம்பிப்பார். எரிச்சலாக வருகிறது. மாத்திரையே சாப்பிடாதவர் சிறுநீரிலும், மாட்டு மூத்திரத்திலும் ஈஸ்ட்ரோஜன் உண்டு. உடம்பு அதைக் கட்டிப்போட்டு, வேலை செய்யாத வடிவில்தான் வெளியே அனுப்புகிறது. சாக்கடை பாக்டீரியா அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகிறது! இங்கிலாந்தில் சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் கீழே ஆற்றில் பிடித்த ரோச் மீன்களில், சில இடங்களில் ஆண்கள் அத்தனையும் இருபால் கலப்பாக இருந்தன என்று 1998இலேயே எழுதிவிட்டார்கள். சலவைச் சோப்பு ரசாயனம் சிதைந்து வரும் நோனைல்ஃபீனாலும் ஈஸ்ட்ரோஜன் போலவே வேலை செய்யும் கூட்டாளிதான்.

என் குறை இதுதான். தண்ணீர்ப் பரிசோதனை என்றால் அமிலத்தன்மை, ஆக்சிஜன், உலோகம் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். கூடவே ஆண் மீனின் ரத்தத்தில் ஒரு சொட்டு எடுத்து விட்டெல்லோஜெனின் இருக்கிறதா என்று பாருங்களேன்.

260ஆம் ஏரியில் கலப்பதை நிறுத்தினார்கள், சில வருடத்தில் மின்னோ திரும்பி வந்தது. ஆற்றில் அப்படி நிறுத்த முடியாது, சிறுநீர் கழிப்பதை யார் நிறுத்துவது? சுத்திகரிப்பு நிலையத்தில்தான் பிடித்தாக வேண்டும். ஸ்விட்சர்லாந்து 2016இல் சட்டமே போட்டு, பெரிய நிலையங்களில் ஓசோனும் கரித்தூளும் வைத்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது.