தற்காலிகம் என்று சொல்லித்தான் தொடங்குகிறார்கள்

செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, 2001இல் அமெரிக்கா ஆப்கானிஸ்தானில் தொடங்கிய போரை எதிர்த்தவர்கள் பயங்கரவாதத்துக்குத் துணைபோனவர்கள் என்று எழுதியிருக்கிறார் ஒரு கட்டுரையாளர். அநியாயம்! படைபலத்தைப் பயன்படுத்த ஜனாதிபதிக்கு அதிகாரம் தரும் தீர்மானத்தை செப்டம்பர் 14 அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 420 பேர் ஆதரிக்க, எதிர்த்தவர் பார்பரா லீ என்ற உறுப்பினர் ஒருவர்தான். தாக்கியவர்களை விட்டுவிடச் சொல்லவில்லை அவர். எல்லையில்லாத அதிகாரத்தை ஜனாதிபதிக்குக் கொடுக்காதீர்கள் என்றார். அதற்கே கொலைமிரட்டல். 20 வருடம் கழித்து காபூலில் மறுபடியும் தலிபான்.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இது புதுக்கதையா என்ன? 1979 ஜூலையில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைத் தற்காலிகம் என்றுதான் கொண்டுவந்தார்கள். டிசம்பர் 31க்குள் பயங்கரவாதம் எல்லாவற்றையும் ஒழித்துவிடும்படி பிரிகேடியர் வீரதுங்கவை இங்கே அனுப்பினார் அன்றைய இலங்கை ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தன. சரி, ஒழிந்ததா? போர் முடியவே 2009 ஆனது. அப்புறமும் சட்டம் போகவில்லை. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு முஸ்லிம்கள் பலரைப் பிடித்து உள்ளே போட்டதும் அதே சட்டத்தில்தான்.