டாக்ஸிக்காரங்க எல்லாரும் கொள்ளைக்காரங்க இல்லைங்க

சுற்றுலாத் தீவுகள்ல டாக்ஸிக்காரங்க எல்லாருமே கொள்ளையடிக்கறாங்கன்னு உங்க கட்டுரையில எழுதியிருக்கீங்க. என்னால ஒத்துக்க முடியலைங்க. பொள்ளாச்சியில இருந்து குடும்பத்தோட இந்தோனேசியாவுல இருக்கற பாலித் தீவுக்குப் போயிட்டு வந்தோம். ஏர்போர்ட்ல இருந்து நாங்க தங்கப் போன உபுத்ங்கற ஊருக்கு, கோயமுத்தூர்ல இருந்து எங்க ஊருக்கு வர்ற தூரம்தான். வெளிய வந்ததும் ஒருத்தர் பெட்டியைக் கையில வாங்கிட்டு ஆறு லட்சம் ரூபியா (அந்த ஊர்க் காசு) கேட்டார். வேண்டாம்னுட்டு வேற வண்டியில மூணரை லட்சத்துக்குப் போனோம். நம்ம காசுக்கு 2,000 ரூபாய்க்குள்ளதான்.

உபுத்துல பல இடத்துல, செல்போன் ஆப்ல புக் பண்ற வண்டிங்க ஆள் ஏத்தக்கூடாதுன்னு உள்ளூர்க்காரங்க போர்டே வெச்சிருக்காங்க. அதனால ஆப் வண்டியில நம்மள அங்க கொண்டுபோய் விடற டிரைவர் திரும்பறப்ப காலி வண்டிதான். ரெண்டு பக்க பெட்ரோலும் நம்ம வாடகையில வந்தாகணும். நம்மூர்ல ஊட்டிக்கு வண்டி பேசினா ரிட்டர்னும் சேர்த்துத்தானே குடுக்கறோம்?

முக்கியமா காசு குடுக்கறப்ப நோட்டுல சைபரை எண்ணிப் பாருங்க. அங்க சிவப்பு நோட்டு ஒரு லட்சம், ஊதா நோட்டு பத்தாயிரம். ராத்திரி இருட்டுல எங்க அத்தை பத்தாயிரத்துக்கு லட்சத்தை நீட்டிட்டாங்க. டிரைவர் தம்பி லைட்டைப் போட்டு, நோட்டைக் காட்டி, திருப்பிக் குடுத்தார். அந்தப் பையனையும் சேர்த்துக் கொள்ளைக்காரன்னு சொன்னா மனசு ஆறலைங்க.

தாய்லாந்துல புக்கெட் தீவுக்குப் போறவங்களுக்கு ஒண்ணு: ஏர்போர்ட் மீட்டர் டாக்ஸியில மீட்டருக்கு மேல 100 பாட் (தாய்லாந்துக் காசு) கேப்பாங்க. அது ஏர்போர்ட் கட்டணம், ஏமாத்து இல்லை. அந்தமான்ல ஹேவ்லாக் தீவுக்குப் போனா, வண்டியில ஏறுமுன்னே, போக வர எவ்வளவுன்னு பேசிக்கங்க.