குவாமில் முடக்கி வைத்த மணி

எங்கே விமானம் விழுந்தாலும் யாராவது 1997 குவாம் விமான விபத்தின் கதையைத் தூசி தட்டி எடுத்து வந்துவிடுகிறார்கள். "கொரியாக்காரர்கள் பெரியவர்களை எதிர்த்துப் பேசமாட்டார்கள். கேப்டன் தப்பு செய்வது தெரிந்தும் துணை விமானி வாயைத் திறக்கவில்லை. 228 உயிர் போச்சு." கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் பாதிதான் உண்மை.

1997 ஆகஸ்ட் 6, விடியாத நேரம். சியோலிலிருந்து அமெரிக்காவின் ஆட்சியில் இருக்கும் குவாம் தீவுக்கு வந்த கொரியன் ஏர் 801, போயிங் 747, உள்ளே 254 பேர். வழியில் மழை மேகம், ரன்வே கண்ணுக்குத் தெரியவில்லை. எந்தச் சரிவில் இறங்க வேண்டும் என்று காட்டும் கிளைட் ஸ்லோப் வசதி அன்று இயங்கவில்லை. கட்டுப்பாட்டு அறை அதைச் சொல்லியும் விட்டது. ஆனாலும் காக்பிட்டில் "அது வேலை செய்யுதா, இல்லையா" என்று பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. இதில் இன்னொரு வில்லங்கம்: தூரத்தைக் கணக்கிட உதவும் நிலையம் விமான நிலையத்தில் இல்லை, சுமார் ஆறு கிலோமீட்டர் முன்னால் நிமிட்ஸ் குன்றில் இருந்தது. அந்தக் குன்றில்தான் விமானம் மோதியது.

கேப்டனுக்குக் களைப்பு. இறங்கும் முறையை அவர் சரியாக விளக்கவில்லை. காக்பிட்டில் இருந்த மற்ற இருவரும், துணை விமானியும் விமானப் பொறியாளரும், அவரைச் சரிபார்க்கவில்லை. நிறுவனம் கொடுத்த பயிற்சியும் போதவில்லை. அமெரிக்க விசாரணை வாரியம் சொன்ன இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் "இறங்க வேண்டாம்" என்று முதலில் சொன்னது துணை விமானிதான், மோதுவதற்குச் சில நொடிகள் முன்பு. தாமதம்தான். ஆனால் அவர் வாயே திறக்கவில்லை என்பது பச்சைப் பொய்.

அதே அறிக்கையில் இருக்கிற இன்னொரு காரணத்தை மட்டும் யாரும் பகிர்வதில்லை. விமானம் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்தால் தரையில் இருக்கும் கட்டுப்பாட்டாளரை எச்சரிக்கும் ஏற்பாடு குவாமில் இருந்தது. பொய் எச்சரிக்கைகள் தொல்லை தருகின்றன என்று அமெரிக்க விமானத்துறையான எஃப்ஏஏ தெரிந்தே அதை முடக்கி வைத்திருந்தது. முடக்காமல் விட்டிருந்தால், மோதுவதற்கு ஒரு நிமிடத்துக்கும் முன்பே அது ஒலித்திருக்கும். மேலே ஏற அந்த நேரம் தாராளம்.

அந்த முடிவை எடுத்த அதிகாரிகளின் "பண்பாடு" பற்றி ஒரு பதிவாவது வந்திருக்கிறதா? கொரியர் தவறினால் ஆயிரம் வருட மரபு காரணம், அமெரிக்கர் தவறினால் ஏதோ நிர்வாகக் குறைபாடு! நல்ல நியாயம்.

1999-இல் கொரியன் ஏரின் இரண்டு சரக்கு விமானங்களும் விழுந்தன. அப்புறம் நிறுவனம் வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து பயிற்சியைத் திருத்தியது. அதற்குப் பிறகு அங்கே உயிர்ப்பலி வாங்கிய விபத்து இல்லை. ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இன்றும் கொரியர்கள்தான்.