சேலத்து அபார்ட்மென்ட்களுக்குச் சம்பளம் வாங்கும் மேனேஜர் வேண்டும்

இருபது முப்பது வீடுகள் உள்ள அபார்ட்மென்ட்களை, ரிட்டயர் ஆன ஒரு பெரியவரின் நல்ல மனதை மட்டும் நம்பி இனியும் ஓட்ட முடியாது என்பது என் உறுதியான கருத்து. வேலை தெரிந்த ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டும். எங்கள் அழகாபுரம் பக்கம் இந்தப் பேச்சை எடுத்தாலே, "அதான் செக்ரட்டரி சார் பாத்துக்கிறாரே, எதுக்குத் தண்டச் செலவு?" என்கிறார்கள். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த செக்ரட்டரி சார் என்னவெல்லாம் பார்க்கிறார்? மேட்டூர் தண்ணீர் திறந்துவிடும் நேரத்தில் எழுந்து போய் சம்ப் நிறைகிறதா என்று பார்க்கிறார். கோடையில் போர் வற்றினால் லாரிக்குப் போன் போடுகிறார். வாட்ச்மேன் வராத நாளில் தானே கேட்டைப் பூட்டுகிறார். மெயின்டெனன்ஸ் பாக்கி வைத்தவர் வீட்டுக் கதவைத் தட்டி, தன் மகன் வயதுள்ளவரிடம் பேச்சு வாங்கிக்கொண்டு வருகிறார். இத்தனைக்கும் பிறகு வாட்ஸ்அப் குரூப்பில் விடிந்தும் விடியாமலும் "லிஃப்ட் என்னாச்சு?" என்று யாராவது ஆரம்பிக்கிறார்கள். அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சம்பளம் ஒரு ரூபாய் கிடையாது. சம்பளம் வாங்காத மனிதரிடம் கணக்குக் கேட்கவும் நமக்குக் கூச்சம், வேலை நடக்காவிட்டால் கேள்வி கேட்கவும் கூச்சம். அவருக்கும் அநியாயம், கட்டடத்துக்கும் அநியாயம்.

தண்ணீரும் கேட்டும்கூடப் பரவாயில்லை, சமாளித்துவிடலாம். சட்டப்படி வீட்டுச் சொந்தக்காரர்கள் சங்கத்தின் தலையில் இருக்கும் வேலைகள் வேறு. 1975-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்திருந்தால், வருடா வருடம் பொதுக்குழு கூட்டிக் கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். லிஃப்ட் இருந்தால் அதற்கான லைசென்ஸைக் காலாவதியாகாமல் பார்க்க வேண்டும். புதுக் கட்டடமாக இருந்தால், ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறைகளை பில்டர் தன் செலவில், 30 நாளில் சரிசெய்து தர வேண்டும் என்று ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிறது. அந்த 5 ஆண்டு எப்போது முடிகிறது என்று எத்தனை சங்கங்கள் எழுதி வைத்திருக்கின்றன? முடிந்தபின் விரிசலுக்கு நாம்தான் பணம் கட்டுவோம்.

மின் கட்டணம் இன்னொரு உதாரணம். 2022-ல் மோட்டார், படிக்கட்டு விளக்கு போன்ற பொதுப் பயன்பாட்டு மின்சாரத்துக்குத் தனிக் கட்டணம் வந்தது. 2023-ல், 10 வீடுகளுக்கு மிகாமல், 3 மாடிக்கு மேற்படாமல், லிஃப்டும் இல்லாத குடியிருப்புகளுக்கு அதை யூனிட்டுக்கு 8 ரூபாய் 15 காசிலிருந்து 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். சேலத்தில் அப்படிப்பட்ட கட்டடங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. தங்கள் பில்லில் எந்தக் கட்டணம் ஏறுகிறது என்று உட்கார்ந்து பார்க்க அங்கெல்லாம் ஓர் ஆள் வேண்டும்.

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது செப்டிக் டேங்க். பாதாளச் சாக்கடை இணைப்பு கிடைக்காத இடங்களில் இன்னும் அதுதான் கதி. டேங்க் நிறைந்துவிட்டது என்று குரூப்பில் புகார் வந்ததும், அவசரத்தில் கையில் கிடைத்த ஆளைக் கூப்பிட்டு, "சீக்கிரம் முடிச்சுக் கொடுப்பா" என்கிறோம். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஒருவரை உள்ளே இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டு சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடைப் பணியில் இறப்பவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தி 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணத்தை விடுங்கள், நாம் கொடுத்த அவசரத்தில் ஒரு மனிதர் விஷவாயுவில் மயங்கி விழுந்தால் அந்தக் கட்டடத்தில் யார் நிம்மதியாகத் தூங்குவது? டேங்க் நிறையும் முன்பே தேதி குறித்து, இயந்திர வண்டியை வரவழைத்து, யாரும் உள்ளே இறங்காமல் நின்று கவனிப்பது ஒருவரின் பொறுப்பாக இருக்க வேண்டும்.

சரி, மேனேஜர் வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா? இல்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இந்த வேலைக்கு மாநில அரசின் லைசென்ஸே வாங்க வேண்டும். அதே ஃபுளோரிடாவில், சர்ஃப்சைட் என்ற ஊரில் 2021 ஜூன் 24 அன்று 12 மாடிக் குடியிருப்பு ஒன்றின் ஒரு பகுதி இடிந்து 98 பேர் இறந்தார்கள். அங்கே கான்கிரீட் சேதமாகியிருப்பதை 2018-லேயே ஓர் இன்ஜினியர் அறிக்கையாகக் கொடுத்திருந்தார். பழுதுபார்க்க ஒன்றரைக் கோடி டாலரை வீட்டுக்காரர்களிடம் வசூலிக்கலாம் என்ற முடிவுக்கு வரவே 2021 ஆகிவிட்டது. இடிந்ததற்குக் காரணங்கள் பல. ஆனால் பெரிய பழுதுக்கான பணத்தை முன்கூட்டியே சேர்க்கும் முடிவை மேனேஜர் எடுக்க முடியாது, சொந்தக்காரர்கள்தான் எடுக்க வேண்டும். நம் ஊரில் இப்படிச் சேர்க்கும் கார்பஸ் ஃபண்ட் என்றாலே, "வாடகைக்கு விட்டிருக்கேன், எனக்கெதுக்கு?" என்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இன்னொன்று, மேனேஜ்மென்ட் என்ற பெயரில் எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்துவிடவும் கூடாது. எங்கள் கட்டடத்தில் முன்பு ஒரு ஏஜென்சி இருந்தது. விலகும்போது லிஃப்ட் சர்வீஸ் பேப்பர்கள், மோட்டார் வாரண்டி எதுவும் திரும்பி வரவில்லை. ஆகவே பேங்க் கணக்கு சங்கத்தின் பெயரில், நிர்வாகிகள் இருவர் கையெழுத்தில்தான் இருக்க வேண்டும். மின் இணைப்பும் லிஃப்ட் ஒப்பந்தமும் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். பெரிய வேலைக்கு மூன்று கொட்டேஷன், பெயின்டரிடமோ பிளம்பரிடமோ கமிஷன் கூடாது, விலகும்போது எல்லா ஃபைலையும் ஒப்படைத்த பிறகே கடைசிப் பணம். இவற்றை ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும். வாட்ச்மேனுக்கும் கூட்டிப் பெருக்கும் அக்காவுக்கும் நாம் கொடுக்கும் தொகையில் எவ்வளவு அவர்கள் கைக்குப் போகிறது, பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டுகிறார்களா என்று மாதாமாதம் ரசீது கேட்பதும் சங்கத்தின் கடமைதான்.

ஏற்காட்டில் நிலைமை இன்னும் மோசம். வில்லா வாங்கியவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள், வெயிலுக்கு மட்டும் வருகிறார்கள். சுவரெல்லாம் ஈரம் ஏறும் மழை மாதங்களில் பார்க்க ஆளில்லை. அங்கே மேனேஜர் இல்லாமல் முடியவே முடியாது. அவர் கணக்கைப் பார்க்க, ஊரிலேயே இருக்கும் ஓர் உறுப்பினராவது கமிட்டியில் இருந்தாக வேண்டும்.

செலவுக்கு வருகிறேன். ஆயிரம் வீடுகள் உள்ள சென்னைக் குடியிருப்புகளைப் பார்க்கும் கம்பெனிகளுக்கு, இருபத்து நான்கு வீட்டுக் கட்டடம் ஒரு பொருட்டே இல்லை. வந்தாலும் பில்லில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேரும். என் யோசனை இதுதான்: பக்கத்துப் பக்கத்தில் உள்ள நான்கைந்து சங்கங்கள் சேர்ந்து ஒரே மேனேஜரை நேரடியாகச் சம்பளத்துக்கு வைக்கலாம். நூறு வீடுகள் சேர்ந்து ஆளுக்கு மாதம் 300 ரூபாய் போட்டால் 30,000 ரூபாய். அந்தச் சம்பளத்துக்குப் படித்த, எலக்ட்ரிக்கல் வேலை தெரிந்த இளைஞர் இந்த ஊரிலேயே கிடைப்பார். கணக்கு அவரவர் சங்கத்தில் தனித்தனியாக இருக்கட்டும். லிஃப்ட் சர்வீஸ், டேங்க் சுத்தம், பெயின்ட் எல்லாவற்றுக்கும் மொத்தமாகப் பேரம் பேசினால் அந்த 300 ரூபாயில் ஒரு பகுதி அப்படியே திரும்பிவிடும்.

ஃபேர்லேண்ட்ஸ், அஸ்தம்பட்டி, ஐந்து ரோடு பக்கம் இப்படிச் சேர்ந்து நடத்துகிறவர்கள் யாராவது இருந்தால், எப்படிப் பிரித்துக்கொள்கிறீர்கள், மேனேஜருக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். எங்கள் தெருவில் மூன்று சங்கங்கள் பேசத் தயாராக இருக்கின்றன. அடுத்த பொதுக்குழுவுக்குள் ஒப்பந்த நகல் ஒன்று கையில் இருந்தால் பேசுவதற்கு உதவியாக இருக்கும்.