வேகம் சிஸ்டம் காலில் இல்லை

"ரவுட்டரை யூசர் ஸ்பேஸுக்கு மாற்றினால் சிஸ்டம் கால் செலவு மிச்சம், அதனால்தான் வேகம்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். காரணம் தவறு நண்பரே. சிஸ்டம் கால் என்பது யூசர் ஸ்பேஸில் ஓடும் சாதாரண புரோகிராம், ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு. லினக்ஸ் ஒரு பாக்கெட்டை ஃபார்வர்ட் செய்யும்போது அது கர்னலை விட்டு வெளியே வருவதே இல்லை. பாக்கெட்டுக்கு ஒரு சிஸ்டம் கால் என்பதே அங்கே கிடையாது, அப்புறம் எதை மிச்சப்படுத்துவது?

நேரம் போவது வேறு இடத்தில். 10 ஜிபிபிஎஸ் லைனில் 64 பைட் பாக்கெட்டுகள் நொடிக்கு 1.488 கோடி வரை வரலாம். ஒன்றுக்குக் கிடைப்பது 67 நானோநொடி. 3 கிகாஹெர்ட்ஸ் கோரில் சுமார் 200 சைக்கிள். மெயின் மெமரிக்கு ஒருமுறை போய்வந்தாலே அதில் பெரும்பங்கு காலி. யூசர் ஸ்பேஸிலிருந்தே நெட்வொர்க் கார்டைக் கையாளும் மென்பொருள் தொகுப்பான டிபிடிகே, கார்டு தரும் இன்டரப்ட் சிக்னலுக்குக் காத்திருக்காமல் போலிங் செய்கிறது (பாக்கெட் வந்ததா என்று தானே ஓயாமல் பார்க்கிறது), பாக்கெட்டுகளுக்கான பஃபர்களை ஹியூஜ் பேஜில் (பெரிய மெமரித் துண்டுகளில்) முன்பே ஒதுக்கி வைக்கிறது, பாக்கெட்டுகளைக் கட்டுக்கட்டாக எடுக்கிறது. வேகம் அங்கிருந்துதான் வருகிறது. பாக்கெட் வந்ததுமே அதைக் கையாளும் லினக்ஸ் வசதியான எக்ஸ்டிபி கர்னலுக்குள்ளேயே இருந்துகொண்டு வேகமாக ஓடுகிறதே!

இதற்கு விலையும் உண்டு. ஒயிட்ஃபீல்டில் எங்கள் லேபில் டிபிடிகேவுக்காக இன்டெல் கார்டை விஎஃப்ஐஓவுக்கு (கார்டை யூசர் ஸ்பேஸ் புரோகிராமிடம் ஒப்படைக்கும் டிரைவர்) மாற்றியதும், நெட்வொர்க் கார்டுகளைக் காட்டும் ஐபி லிங்க் கட்டளையின் பட்டியலில் அதைக் காணோம். பாக்கெட்டுகளைப் பார்க்க உதவும் டிசிபிடம்ப்பிலும் ஒன்றும் தெரியவில்லை. ஒரு பாக்கெட்கூட வராதபோதும் அந்த கோர் 100% ஓடிக்கொண்டிருந்தது. 300 எம்பிபிஎஸ் வீட்டு இணைப்புக்கு இதைப் பரிந்துரைக்காதீர்கள், கர்னலே தாராளமாகப் போதும்.