"யாருக்கும் தேவையில்லை" என்று யார் முடிவு செய்தது?

நேற்று நடந்ததைப் பார்த்தவர்களுக்கு மீண்டும் விளக்க வேண்டியதில்லை. நாம் எழுதும் தேடல் வரியைப் படித்து டேட்டாபேஸுக்குக் கொண்டுபோகும் பார்சரில், எண்களை பிட் பிட்டாக (0, 1 இலக்கங்களாக) கையாளும் பிட்வைஸ் ஆபரேட்டர்களைச் சேர்க்க மூன்று வாரமாக நான் எழுதிய நிரலை, அதைப் பராமரிப்பவர்கள் "இது யாருக்கும் தேவையில்லை" என்று ஒரே வரியில் மூடிவிட்டார்கள். மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. படித்துவிட்டு மறுத்திருக்கலாம்.

எனக்குத் தேவை இருக்கிறது. எங்கள் அட்டவணையில் ஒருவருடைய எல்லா அனுமதிகளும் ஒரே எண்ணில் இருக்கின்றன: படிக்க 1, எழுத 2, அழிக்க 4, பகிர 8. 13 என்றால் அவர் படிக்கலாம், அழிக்கலாம், பகிரலாம், எழுத முடியாது. அழிக்கக்கூடியவர்களைத் தேட (அனுமதி & 4) == 4 என்று எழுதினால் போதும், அந்த எண்ணுக்குள் 4 அடங்கியிருக்கிறதா என்று அது பார்த்துவிடும். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், எஸ்கியூஎல் சர்வர் ஆகிய டேட்டாபேஸ்கள் மூன்றுக்கும் & தெரியும். ஆரக்கிளில் அதற்கென்றே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. நடுவில் நிற்கும் பார்சருக்குத்தான் தெரியவில்லை.

"ஒவ்வோர் அனுமதியையும் தனித்தனி நெடுவரிசையாகப் பிரியுங்கள்" என்கிறார்கள். அதே அட்டவணையை நம்பி ஓடும் மற்ற நிரல்களை யார் திருத்துவது? "இண்டெக்ஸ் (தேடலை வேகப்படுத்தும் பட்டியல்) பயன்படாது" என்பது பெரும்பாலும் சரி, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக எல்லா வரிசைகளையும் இழுத்துவந்து நிரலுக்குள் சலிப்பது வேகமாகிவிடுமா? "& ஏற்கெனவே எழுத்துச் சரங்களை (string) ஒட்டும் குறி" என்றும் ஒருவர் சொன்னார். இருபுறமும் முழு எண் இருந்தால் மட்டும் பிட் கணக்கு, மற்றபடி பழையபடி ஒட்டு என்றுதான் எழுதியிருந்தேன். எண்களையே ஒட்டிக்கொண்டிருந்தவர்களுக்குப் பழைய வழியைத் தக்கவைக்க ஓர் அமைப்பு விருப்பமும் (setting) வைத்திருந்தேன். திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

முதல் வரைவில் எந்தக் குறியை முதலில் கணக்கிடுவது என்ற முன்னுரிமையைச் சி மொழியில் இருப்பதுபோலவே வைத்தேன். சி மொழியில் அடைப்புக்குறியை விட்டுவிட்டால், சமமா என்று பார்க்கும் == முந்திக்கொள்ளும். 4 == 4 முதலில் 1 (அதாவது உண்மை) ஆகும், பிறகு அனுமதி & 1 என்று கணக்கிடும். படிக்க மட்டும் அனுமதி பெற்றவர் அழிக்கக்கூடியவராக வந்து நிற்பார். அழிக்க மட்டும் அனுமதி பெற்றவர் காணாமல் போவார். && என்ற 'மற்றும்' குறி பிறப்பதற்கு முந்தைய பழக்கத்தின் மிச்சம் இது. அப்போதே மாற்றியிருக்கலாம் என்று சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சியே பின்னாளில் எழுதியிருக்கிறார். நான் பைத்தான் மொழியைப் போல &-ஐ ஒப்பீட்டுக்கு மேலே ஏற்றினேன். அந்த ஓர் இடத்துக்கு மட்டும் நான்கு இரவுகள் போயின.

"நன்றி கிடைக்கவில்லை என்று கோபமா" என்று கேட்பீர்கள். நன்றியை நான் எதிர்பார்க்கவில்லை. பராமரிப்பவர்களும் சம்பளம் இல்லாமல்தான் உழைக்கிறார்கள், தெரியும். ஆனால் என் இரவுகளுக்கும் யாரும் சம்பளம் தரவில்லை. "முன்னுரிமையை ஏன் மாற்றினாய்" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால்கூட, மனநிறைவோடு விலகியிருப்பேன்.

என் நிரல் இருக்கும் கிளையை (branch) அழிக்கவில்லை. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். படிக்க மட்டும் (1), அழிக்க மட்டும் (4) அனுமதி பெற்றவர்களுக்காக எழுதிய அந்த இரண்டு சோதனைகளை மட்டும் தயவுசெய்து நீக்கிவிடாதீர்கள்.